வெறும் வண்டி

பரவை மார்க்கெட் எடைமேடையில் எனக்கு இரவு வேலை.
பத்து மணிக்கு மேல் ஒட்டன்சத்திரத்துத் தக்காளி,
இரண்டு மணிக்கு ஓசூர் முட்டைக்கோஸ்.
இடையில் ஹெட்போனில் நாலு பதிவுகள்.
ஒரே சிம்பொனி,
அதிலும் அந்த இரண்டாம் பகுதி மட்டும்.

பென் டிரைவில் ஏற்றித் தந்தவன் அமலதாஸ்.
ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வயலின்,
மற்ற நாளெல்லாம் கோரிப்பாளையத்தில்
பல்செட் செய்கிறவன்.
"கேட்டுட்டுச் சொல்லு, எது சரியானதுன்னு"
என்றான், எடைச்சீட்டு கேட்பவன் மாதிரி.

முதலாவது ஏழு நிமிடம் நாற்பது நொடி.
கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று
நடையைக் கட்டுகிற சவ ஊர்வலம்.
செல்லோக்காரர்கள் சட்டைப் பையில்
டிக்கெட் வைத்திருக்கிறார்கள், நிச்சயம்.

இரண்டாவது
பத்து நிமிடத்துக்கு ஆறே நொடி குறைவு.
ஒவ்வொரு சுரத்தையும் தரையில் இறக்கி,
இடுப்பைப் பிடித்து, நிமிர்ந்து,
மறுபடி தூக்குகிறார்கள்.
அமலதாஸுக்கு இதுதான் வேதம்.
கேட்டுக்கொண்டிருந்தபோது
திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு கூட்ஸ் வந்தது.
நாற்பத்திரண்டு பெட்டி எண்ணி முடித்துத் திரும்பினால்
அதே சுரம்
அங்கேயே நின்றுகொண்டிருக்கிறது.

மூன்றாவது பழையது.
இரண்டு காதிலும் ஒரே சத்தம்,
பின்னால் எங்கோ எண்ணெய் காய்கிறது.
மூன்று நிமிடம் பன்னிரண்டாவது நொடி,
கிளாரினெட் மூச்செடுக்கிற இடத்தில்
எவனோ இருமுகிறான்.
சளி இருமல்.
அடக்கப் பார்த்திருக்கிறான், முடியவில்லை.
பக்கத்து நாற்காலி திரும்பி முறைத்திருக்கும்.
ஊர் தெரியாது, பேர் தெரியாது,
மறுநாள் மருந்து வாங்கினானா தெரியாது.
கிளாரினெட் ஒரு மயிரிழை தாமதித்து
அவன் முடிக்கட்டும் என்று நின்று
பிறகு தொடங்குகிறது.

நாலாவதும் அதே பதிவுதான்.
யாரோ கம்ப்யூட்டரில் கழுவித் துடைத்திருக்கிறார்கள்.
எண்ணெய் காயவில்லை.
கிளாரினெட் பளிங்கு மாதிரி.
மூன்று நிமிடம் பன்னிரண்டில்
எனக்குத் தொண்டை தயாராகிறது,
ஒன்றும் வரவில்லை.
பல் பிடுங்கின இடத்தை
நாக்கு போய்ப் போய்த் தொடுமே, அப்படி
திரும்பத் திரும்ப அந்த நொடிக்கே
விரலால் இழுத்துக் கேட்டேன்.
கிளாரினெட் இப்போதும் தாமதிக்கிறது.
யாருக்காக என்பதுதான் இல்லை.

அன்றைக்கு விடியக் கருக்கலில்
சோலைராசு வண்டி சரக்கு இறக்கிவிட்டு
மறு எடைக்கு ஏறியது.
அதன் வெறும் எடை எனக்கு மனப்பாடம்:
நாலாயிரத்து நூற்றிருபது.
சிவப்பு எண்கள்
நாலாயிரத்து நூற்றெழுபதில் நின்றன.
"அம்பது கிலோ இடிக்குதேண்ணே,
தக்காளிக்காரன் என்னைய வைவான்."
"மிசின் கோளாறா இருக்கும்டா" என்றார்.
டார்ச்சோடு போய்ப் பார்த்தால்
சீட்டுக்குப் பின்னால் கிளீனர் பையன்,
போர்வைக்குள் சுருண்டு,
வாயைத் திறந்து தூங்குகிறான்.
நிறை எடை போட்டபோது
டீக்கடையில் இருந்தவன்.

எழுப்பி இறக்கினோம்.
எண்கள் ஒவ்வொரு பத்தாக யோசித்து
நாலாயிரத்து நூற்றிருபதுக்கு வந்தன.
சீட்டு அடித்தேன். கணக்கு சுத்தம்.
மேடைக்கு வெளியே
போர்வையோடு நின்றுகொண்டிருந்தான்
ஐம்பது கிலோ.

சனிக்கிழமை அமலதாஸ் வந்தான்.
மூன்றாவது என்றேன்.
"லூசாடா நீ? கிளாரினெட் சுருதி இறங்கிக் கிடக்கு,
நடு வயலின் கேக்கவே கேக்காது,
நடுவுல ஒருத்தன் லொக்கு லொக்குன்னு..."
அவன் சொன்னது எல்லாமே சரி.

"மூணாவதுல
வண்டிக்குள்ள ஆள் இருக்கான்டா" என்றேன்.

புரியாமல் என்னைப் பார்த்தான்.
விளக்கலாம் என்று வாயெடுத்தேன்,
கத்திரிக்காய் வண்டி ஒன்று
ஹாரன் அடித்தது.